பிரேக்கைப் பற்றி அவள் சொன்னது

எங்கள் கார் முப்பது வயதைத் தாண்டியது. மட்டக்களப்பிலிருந்து களுதாவளைக்குப் படிப்பிக்கப் போகும் என் மனைவிதான் அதை ஓட்டினாள். நான் கந்தோர் வேலைக்குச் சைக்கிளில் போகிறவன்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்ததும் சொன்னாள்: "இஞ்ச பாருங்க, பிரேக் பஞ்சு மாதிரிக் கிடக்கு. சந்தியில மிதிச்சிட்டு நிக்கக்குள்ள கால் தன்ட பாட்டுல கீழ போகுது."

பொனட்டைத் திறந்து பார்த்தேன். பிரேக் ஒயில் அளவாகவே இருந்தது. நான்கு சில்லுகளின் உட்புறத்தையும் துணியால் துடைத்தேன், எங்கும் ஈரமில்லை. பிறகு ஏறியிருந்து நாலைந்து தரம் படபடவென்று மிதித்தேன். பெடல் கல்லுப்போல் நின்றது.

"ஒண்ணுமில்ல. நீ பயந்து பயந்து மிதிக்கிறாய்," என்றேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் சொன்னாள். நான் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு செத்தவீட்டுக்குப் புறப்பட்டோம். அவள் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். களுதாவளைக்குக் கிட்டப் போகையில், முன்னால் சைக்கிளில் மீன்பெட்டியோடு போன ஒருவர் வேகத்தைக் குறைத்தார். அவள் மிதித்தாள். பெடல் அடிவரை போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கார் நிற்பதற்குள் சைக்கிளின் பின்சில்லில் இடித்துவிட்டது. அந்த மனிதர் கையை ஊன்றியபடி விழுந்தார். மீன்கள் தெருவெல்லாம் சிதறின.

சனம் கூடிவிட்டது. "பிரேக் அடிக்கல்லயா?" என்று ஒருவர் சத்தம் போட்டார்.

"இவ பதறிட்டா," என்றேன்.

ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். விழுந்தவருக்குப் பக்கத்தில் குந்தி, வீங்கத் தொடங்கிய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மணிக்கட்டு உடைந்திருந்தது.

மறுநாள், தெருவோரம் கிடந்த காரைப் பார்க்க மெக்கானிக் காத்தான்குடியிலிருந்து வந்தார். நான் செய்த சோதனையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"அடிச்சடிச்சுப் பாத்தா அது இறுகத்தான் செய்யும், சேர். ஒருக்கா மிதிச்சு அப்பிடியே அமத்திப் பிடிச்சிட்டு இரிங்க."

மிதித்துப் பிடித்தேன். காலுக்குக் கீழே பெடல் மெல்ல மெல்ல இறங்கியது. அவள் சொன்ன அதே இறக்கம்.

"ஒயில் வெளிய போகல்ல. மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் தேஞ்சிட்டு. அமத்தக்குள்ள உள்ளுக்கயே பின்னால திரும்புது. இது திடீரெண்டு வாறல்ல, சேர். கார் ஓட்டின ஆளுக்கு முன்னமே விளங்கியிருக்குமே?"

"அவவுக்கு விளங்கினதுதான். என்னட்ட ரெண்டு தரம் சொன்னவ," என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கருவிப் பெட்டியைத் திறந்தார்.

அன்று பின்னேரமே மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த மனிதரின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவியும் பக்கத்து வீட்டார் சிலரும் இருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "பிரேக் பழுதெண்டு இவ முன்னமே சொன்னவ. நான்தான் கேக்கல்ல. நேத்து இவ பதறவும் இல்ல. நான் பொய் சொன்னன்."

அவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"கை பொருந்திரும், தம்பி. விழுந்து கிடக்கக்குள்ள இந்தப் புள்ளட முகத்த நான் பாத்தன். நீங்க சொன்னது சரியில்லயெண்டு அப்பவே விளங்கிட்டு."

என் மனைவி அழுதாள். அந்த இரண்டு நாளில் அவள் அழுதது அப்போதுதான்.

புதிய சிலிண்டர் பூட்டி, பிரேக் குழாயில் நின்ற காற்றை வெளியே எடுத்த அன்று, பெடலை மிதித்துப் பார்க்கும்படி மெக்கானிக் அவளைத்தான் கேட்டார். நெடுநேரம் அமத்திப் பிடித்திருந்துவிட்டு, "நிக்குது," என்றாள். ஆனால் சாவியை வாங்கவில்லை.

மூன்று மாதம் பஸ்ஸில் போய்வந்தாள். ஏனென்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை தானே காரை எடுத்தாள். நான் வாசல் கேற்றைத் திறந்துவிட்டேன்.