எரிமலை வேலியும் மாவுப் பானையும்

கல்ஃபில் மேஸ்திரி வேலை எனக்கு. ஈசா டவுனில் பள்ளிக்கூட மதில் நான் எழுப்பியது. ரூவியில் ஒரு ஹோட்டலுக்கு நாலு மாடி, முவைலாவில் ஆயிரம் பேர் படுக்கிற கேம்ப், எல்லாம் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் வேலை. டிராயிங் படிக்கத் தெரியாதவன் என்று சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டே ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் என்னைக் கேட்டால், நான் செய்ததில் பெரியது ஒரு வேலிதான்.

சவுதியின் மேற்கே ஓர் எரிமலையைச் சுற்றிப் போட்டது. கவர்ன்மெண்ட் அதைப் பாதுகாப்புப் பகுதி ஆக்கியிருந்த சமயம். அணைந்த மலை இல்லை அது. பாறை வெடிப்பில் ஆவி வரும், தரை சுடும். யாரும் போய் வெந்துவிடக் கூடாது, கல்லை அள்ளிப் போகவும் கூடாது.

அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் கதகதக்கிறது. விடிந்ததும் வேலி வேலைக்கு வந்த பதினெட்டுப் பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் நின்றுதான் டீ குடிப்போம். குளிரில் கேம்ப்பில் தோசை மாவு புளிக்காது. நான் சொல்லி, பானையை, டிராயிங்படி வேலிக்குக் கிழித்திருந்த கோட்டுக்கு உள்பக்கம் ஒரு வெடிப்போரம் வைத்தோம். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். லேசாகக் கந்தக வாசம் அடிக்கும். அந்த மாதிரி தோசை பிறகு நான் தின்றதே இல்லை.

ஒரு வாரம் மாவு பொங்கவில்லை. தரையைத் தொட்டால் ஆறிக் கிடந்தது. பானையை இடம் மாற்றி மாற்றி வைத்தேன். கோட்டுக்கு வெளியே நாற்பது அடி தள்ளி வைத்தபோதுதான் வழிந்தது. சூடு நகர்ந்துவிட்டது. டிராயிங்படி வேலி போட்டால் சுடுகிற தரை வெளியே, ஆடு மேய்க்கிறவர்கள் நடக்கிற பக்கம் மாட்டிக்கொள்ளும்.

இன்ஜினீயர் திருநெல்வேலிக்காரர், என் மகன் வயசு. அவரிடம் போய்ச் சொன்னேன்.

“மேஸ்திரி, தோசை மாவைப் பார்த்தா வேலி போடச் சொல்லுதீரு?” என்றார்.

நான் கோட்டை அறுபது அடி தள்ளிக் குழி தோண்ட வைத்தேன். பார்த்ததும் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட் என்று குதித்தார். நாலு நாள் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு ரூமில் கிடந்தேன். ஐந்தாம் நாள், மண்ணைப் பற்றிப் படித்த ஒரு சூடான் நாட்டுக்காரர், கம்பெனி அனுப்பி, சூடு அளக்கிற மீட்டரோடு வந்தார். குத்திப் பார்த்துவிட்டு, பழைய கோடு ஆபத்து, இந்தக் குழி வரிசைதான் சரி என்று சொல்லிவிட்டார். இன்ஜினீயர் என் ரூமுக்கே வந்து நின்றார்.

“யல்லா மேஸ்திரி, டூட்டிக்கு வாரும். நாளைக்கு எனக்கும் ரெண்டு தோசை.”

வேலி இன்றும் நிற்கிறது என்கிறார்கள். வாசல் போர்டில் கம்பெனி பேர் இருக்கிறது, இன்ஜினீயர் பேர் இருக்கிறது. என் பேர்தான் மாஃபி, இல்லவே இல்லை. போகட்டும் என்று விடுகிற அளவுக்கு நான் பெருந்தன்மைக்காரன் இல்லை. அந்தப் பக்கம் ஆள் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எடுத்துச் சொல்லுங்கள். போர்டில் அடியிலாவது ஒரு வரி சேர்க்கணும்: வேலிக்குக் கோடு போட்டது இந்த மேஸ்திரி என்று, என் முழுப் பேரோடு.