டோக்கன் கொடுத்த இரண்டாவது பெட்டி

வயரில்லா இணையம் வேண்டும் என்றுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்; ஆனால் இந்தத் தொழிலில் முக்கால்வாசி நேரம் வயர் இழுப்பதில்தான் போகிறது. ஏற்கெனவே கேபிள் ஓடுகிற வீட்டிலோ ஆபீசிலோ அதன் நுனியில் அக்சஸ் பாயிண்ட் என்கிற வைஃபை பெட்டியை மாட்டி, சிக்னல் எட்டாத மூலைக்கும் எட்ட வைப்பது எங்கள் வேலை. சுவரில் ஓட்டை போட்டுக் கேபிள் இழுப்பவர் நூர் பாய். பூந்தமல்லிக்காரர், என் வயசு, ஐம்பதைத் தாண்டியவர். பெட்டிக்குள் இருக்கும் செட்டிங் எல்லாம் என் பொறுப்பு.

எனக்கு ஒரு கோளாறு உண்டு. செய்த வேலையை நம்ப மாட்டேன். கிளம்பிப் பாதி தூரம் போனதும் 'அதைச் செய்தோமா?' என்று ஒன்று உள்ளே குடைய ஆரம்பிக்கும். காஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன வெட்கம்?

பீரோவுக்குள் இணையம்

ஆவடியில் ஓய்வு பெற்ற ஒருவர் வீடு. மாடியில் பெட்டியை மாட்டி, நான்கு அறையிலும் சோதித்துக் காட்டிவிட்டு வந்தோம். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது, ஆணி சரியாக இறங்கியிருக்குமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. யாரும் கூப்பிடாமலே போய் நின்றேன். வீட்டுக்காரரோ நான் புகாரைக் கேட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, சிக்னலே இல்லை என்று ஆரம்பித்தார். மாடிக்குப் போனேன். ஆணி உறுதியாக இருந்தது. பெட்டியைத்தான் காணோம். அதிலிருந்து போன கேபிள் மட்டும் சுவரோரமாக ஊர்ந்து ஸ்டீல் பீரோவின் கதவிடுக்கில் நுழைந்திருந்தது.

பீரோவைத் திறந்தார். பட்டுப்புடவைகளுக்கு நடுவே பச்சை விளக்கு கண் சிமிட்டியது. இரும்புக்குள் வைத்தால் சிக்னல் வெளியே வராது என்று விளக்கினேன். அவருக்குச் சமாதானமாகவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே சொன்னார்: "புதுப் பொருளை எப்படி சார் சுவத்துல போறவன் வர்றவன் கண்ணுல படறாப்பல விட்டு வைக்கிறது?"

காட்டுப்பாக்கத்தில் என் சொற்பொழிவு

காட்டுப்பாக்கம் ஃபிளாட்டில் இருந்தவர் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவர். கம்ப்யூட்டர் வேலைதான். அதனால் வைஃபை பெட்டியைத் தானே மாட்டிவிடலாம் என்று ஒரு பழைய ரூட்டரை எடுத்துக் கேபிளில் செருகியிருந்தார். மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு போனில் இணையம் வரும், இன்னொன்றில் வராது, டிவியில் வந்து வந்து போகும்.

எங்களைப் போன்றவர்களுக்கு இது பழகிய வியாதி. டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்க ஒருவர்தான் இருக்க வேண்டும். வீட்டு நெட்வொர்க்கிலும் அப்படித்தான். உள்ளே வரும் ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் கொடுப்பது மெயின் ரூட்டரின் வேலை. புதிதாக மாட்டுகிற பெட்டியும் ரூட்டர் ரகமாக இருந்தால், அதுவும் தன் பங்குக்கு டோக்கன் கிழித்துக் கொடுக்க ஆரம்பிக்கும். அதனிடம் டோக்கன் வாங்கியவர்கள் டாக்டரைப் பார்க்கவே முடியாது. ஆகவே கேபிளில் செருகும் முன்பே, தனியாக லேப்டாப்பில் இணைத்து, அதன் சொந்த எண்ணை மாற்றி, டோக்கன் கொடுக்கும் வேலையை அணைத்துவிட வேண்டும்.

இதை அவருக்கு அரை மணி நேரம் சொன்னேன். ஒரு தடவை அணைத்தால் போதாது, கிளம்பும்போது மறுபடி பார்க்க வேண்டும், அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது என்றெல்லாம் சேர்த்துக்கொண்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "ஏனுங்க, உங்களுக்கெல்லாம் இது மறந்தே போகாதுங்களா?"

திருமழிசை, சனிக்கிழமை

திருமழிசை எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனி. ஆபீசில் பத்துக் கம்ப்யூட்டர், எல்லாம் கேபிளில். குடோனில் கையில் பிடித்து ஸ்கேன் செய்கிற கருவிக்கு வைஃபை வேண்டும். கம்ப்யூட்டர் விவகாரங்களைக் கவனித்துக்கொண்டவர் வளர்மதி என்ற அம்மா. நாற்பது வயதிருக்கும். ஸ்டோர்ஸ் கிளார்க்காக ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்; மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் தெரிந்ததால் இதுவும் அவர் தலையில் விழுந்தது. அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும் என்று நூர் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முறைப்படி எல்லாம் செய்தேன். எண்ணை மாற்றினேன், டோக்கன் வேலையை அணைத்தேன், கேபிளில் செருகினேன், போனில் சோதித்தேன். அதற்குப் பிறகுதான் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார் மேனேஜர். மாற்றியபோது ஏதோ எழுத்தைத் தவறாகத் தட்டி, பெட்டிக்குள் நானே நுழைய முடியாமல் போயிற்று. பின்பக்கத் துளையில் ஊசியால் குத்தினேன். குத்தினால் பெட்டி பழைய நினைவெல்லாம் அழிந்து, தொழிற்சாலையிலிருந்து வந்தது போல ஆகிவிடும். பெயரையும் பாஸ்வேர்டையும் மறுபடி போட்டேன். என் போன் முதலில் மெயின் ரூட்டரிடம் வாங்கிய எண்ணை நினைவில் வைத்திருந்து அதையே கேட்டு வாங்கிக்கொண்டதால், இணையம் உடனே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, அடுத்த தெருவில் இருக்கும் இரண்டாவது யூனிட்டின் முழு வேலையும் எங்களுக்குத்தான் என்றார் மேனேஜர். அந்த சந்தோஷத்தில் கருவிகளை மூட்டை கட்டினேன்.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது நூர் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, இன்னிக்கு ஒரு வாட்டிகூட உள்ள திரும்பிப் போவல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

திங்கட்கிழமை வந்த போன்

திங்கள் காலை பத்து மணிக்கு வளர்மதி கூப்பிட்டார். ஆபீசில் பாதிக் கம்ப்யூட்டர்கள் சர்வரைப் பார்க்கவில்லை. டெலிவரி சலான் போட முடியவில்லை. சரக்கு ஏற்றிய லாரிகள் கேட்டில் நிற்கின்றன. சனிக்கிழமை நாங்கள் போன பிறகு கேபிள்கள் வந்து சேரும் பெட்டியைத் துடைத்து, வயர்களையெல்லாம் பிரித்து அழகாகக் கட்டி வைத்தாராம். அதனால் இருக்குமோ, அல்லது புதுப் பெட்டியால் இருக்குமோ என்று கேட்டார்.

அணைத்தது எனக்கு அப்படியே நினைவிருந்தது. எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருந்த டிக்கை எடுத்தேன் என்பது வரை கண்ணில் நின்றது. ஊசியால் குத்தியது மட்டும் நினைவுக்கு வரவில்லை. எத்தனையோ ஒன்றுமில்லாத விஷயங்களுக்குத் திரும்பி ஓடிய நான், அன்றைக்கு இருந்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னேன். என் பெட்டியில் கோளாறு இருக்கவே முடியாது, நீங்கள் கட்டிய வயர்களைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் சொன்னார்: "நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்."

புதன்கிழமை கைதட்டல்

இரண்டு நாள் அவர்கள் வயர்களைப் பிரித்தும் மாட்டியும் பார்த்திருக்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டர் சரியாகும், இன்னொன்று கெடும். புதனன்று மேனேஜரே கூப்பிட்டார். போய் என் லேப்டாப்பைக் கேபிளில் இணைத்தேன். அது வாங்கிய எண்ணைப் பார்த்தேன். மெயின் ரூட்டர் கொடுக்கிற எண் இல்லை. என் பெட்டி கொடுத்த டோக்கன். ஊசி, துளை, இரண்டாவது யூனிட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

அணைத்தேன். கம்ப்யூட்டர்களை நிறுத்திப் போடச் சொன்னேன். எல்லாம் சர்வரைப் பார்த்தன. கேட்டில் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. மேனேஜர் கைதட்டினார். வளர்மதி சுவரோரமாக, கையில் கேபிள் கட்டும் டேக்குகளை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது. என் வாய் திறந்தது, தண்ணீர் குடிக்க. என் தோளில் கை போட்டு மேனேஜர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தெரியாதவங்க கை வெச்சா இப்படித்தான் ஆவும். தெரிஞ்சவர் வந்தார், அஞ்சே நிமிஷம்."

செம்பரம்பாக்கம் சிக்னலில்

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். உட்கார முடியவில்லை. ஹைவேயில் காற்று முகத்தில் அடிக்க, மனதுக்குள் வக்கீல் வேலை நடந்தது. யாருக்கும் நஷ்டமில்லை, வேலை முடிந்துவிட்டது, இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். அடுத்த நிமிடமே அந்த அம்மாவின் ஒப்பந்தம். நானாவது இன்னொரு கம்பெனி பார்த்துக்கொள்வேன். அவர்?

சிக்னலில் நின்றபோது நூர் பாய், அதில் என்னதான் தப்பு இருந்தது என்று கேட்டார். சொன்னேன். அங்கே சொன்னாயா என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். அவர் வண்டியை ஓரம் கட்டினார். திட்டுவார் என்று பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி, சிரிக்காமல் கேட்டார்: "ஆணி கீதான்னு பார்க்க ஆவடி வரிக்கும் போன ஆளு நீ. இத்துக்குத் திரும்பிப் போவ மாட்டியா?"

ஒரு தாள்

எதிர்ப்பக்கம் போய்த் திருமழிசை பஸ் ஏறினேன். நூர் பாயைக் கூட வரச் சொல்லவில்லை. மேனேஜர் அறையில் நின்றபடியே சொன்னேன். அவருக்குக் கோபத்தைவிட எரிச்சல்தான் அதிகம். காலையில்தான் ஹெட் ஆபீசுக்கு எழுதி அனுப்பியிருந்தார், வளர்மதியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று. இப்போது வாயால் சொன்னதை வைத்து என்ன செய்வது என்றார். எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினால் அதையும் அனுப்பத்தான் வேண்டும், அதைப் படித்துவிட்டு இரண்டாவது யூனிட் வேலையை யாரும் எனக்குத் தர மாட்டார்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். பேனாவை மூடித் திறந்து மூடி யோசித்தேன். பிறகு நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊசியால் குத்தியதையும், திங்கட்கிழமை பார்க்காமலே அடித்துச் சொன்னதையும் விடவில்லை.

வளர்மதியை வராந்தாவில் பார்த்துச் சொன்னேன். நன்றி வரும் என்று எதிர்பார்த்தேனா? கொஞ்சம் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. இல்லாவிட்டால் அவர் சொன்னது இன்றைக்கும் இப்படிக் குத்தாது. அவர் குரலை உயர்த்தவில்லை. "மூணு நாளா நானே என்னைச் சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன் சார். அன்னிக்கு போன்ல 'இருங்க, பார்த்துட்டுச் சொல்றேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

வாழ்நாள் முழுக்க என்னையே சந்தேகப்பட்டுப் பழகியவன், தேவைப்பட்ட ஒரே நாளில் அந்தச் சந்தேகத்தை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டேன்.

மார்க்கர்

நான் கிளம்பும் முன் அவர் ஸ்டோர்ஸிலிருந்து ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்து வந்து நீட்டினார். பெட்டியின் மேல் எழுதிவிட்டுப் போகச் சொன்னார்: எதை அணைத்தேன், என்றைக்கு அணைத்தேன், யார் அணைத்தது. ஏணியில் ஏறி எழுதினேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழிருந்தே ஒவ்வொரு எழுத்தையும் படித்துச் சரிபார்த்தார்.

இரண்டாவது யூனிட் வேலை வேறு யாருக்கோ போயிற்று. அடுத்த மாதம் முழுக்க, போன் அடிக்கும்போதெல்லாம் திருமழிசையாக இருக்குமோ என்று பதறினேன். ஒரு நாள் அங்கிருந்தேதான் வந்தது. வளர்மதி. ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டிருந்தது. அதைக்கூடப் போகிற போக்கில்தான் சொன்னார். நேற்று கரண்ட் போய் வந்ததில் பெட்டியில் ஏதாவது மாறியிருக்குமா என்பதுதான் அவர் கேள்வி. கரண்ட் போனால் ஒன்றும் மாறாது, ஊசியால் குத்தினால்தான் மாறும் என்று சொல்ல வாய் வரை வந்தது. அது நூற்றுக்கு நூறு சரியான பதில்தான். ஆனாலும் இருங்கள், வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். போய்ப் பார்த்தபோது பெட்டியில் எதுவும் மாறியிருக்கவில்லை. அதைச் சொன்னதும் அவர் முதல் தடவையாகச் சிரித்தார்: "எனக்கும் தெரியும் சார். நான் காலையிலயே பார்த்துட்டேன், நீங்க வர்றீங்களான்னுதான் பார்த்தேன்."

இப்போது பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை சுவர்களில் தொங்குகிற எங்கள் பெட்டிகள் எல்லாவற்றிலும் கறுப்பு மையில் என் பெயர் இருக்கிறது. இணையம் நின்றால் யாரைத் திட்டுவது என்று யாரும் தேட வேண்டியதில்லை என்பதைத் தவிர, அதில் எனக்கு வேறு பெருமை ஒன்றும் இல்லை.