காதுக்குள் ஏறும் சத்தம்

ஈப்போவில் காது டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிம்பாங் பூலாய் கல் குவாரியில் பாறை உடைத்தவராம், பெருத்த தோள்கள். பேசும்போது என் கண்ணைப் பார்க்காமல் உதட்டையே பார்த்தார்.

“காதுக்குள்ள ‘கொய்ங்’னு கேக்குதா தம்பி, ‘கீ’ன்னு கேக்குதா?”

“வண்டு மாதிரி ‘கொய்ங்’னு கேக்குது, அண்ணே.”

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கும் அப்படித்தான் லா ஆரம்பிச்சுச்சு. அப்புறம் ‘ரீ’ன்னு ஏறுச்சு. இப்ப ஊசி குத்துற மாதிரி ‘கீ’. அது ஏற ஏற வெளிச் சத்தமெல்லாம் போயிருச்சு.”

தாதி பலமுறை அவரைக் கூப்பிட்டார். நான் தொட்ட பிறகுதான் எழுந்தார்.

இன்று காலை கேத்தல் கொதித்து ‘ரீ’ என்று கத்தியது. அடுப்பை அணைத்தேன். ‘ரீ’ நிற்கவில்லை.