ஐஸ் பெட்டியும் கடைவாய்ப்பல்லும்

ஊசியக்காவுக்குப் பத்தொன்பது வருடமாக அதுதான் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. தடுப்பூசி போட மலைமேல் இருக்கும் மூன்று கிராமங்களுக்குப் போகும்போது அவள் தலை தெரிந்தால் பிள்ளைகள் ஓடி ஒளியும். நாய்கள் மட்டும் வாலாட்டும். அதற்காக அவள் வருத்தப்பட்டதே இல்லை. நம்ம கையால் ஊசி போட்டுக்கொண்டதால்தானே இப்படி ஓடுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறார்கள் என்பாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஊசி என்றால் பயம். போடுவதற்கு அல்ல, போட்டுக்கொள்வதற்கு. கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்று ஆறு மாதமாக அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. ஈறில் ஊசி குத்தித்தான் பிடுங்குவார்கள் என்று யாரோ சொல்லித் தொலைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து உப்புத் தண்ணீர், கிராம்பு, வலி மாத்திரை என்று காலத்தை ஓட்டினாள். வீட்டில் கேட்டால், "அடுத்த வாரம் போறேன்" என்ற ஒரே பதில்.

அன்று காலை எழுந்தபோது கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. பஸ் ஓட்டும் கணவர், அவள் ஷூவுக்குக் கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்த மூஞ்சியோட மலை ஏறப் போறியா? பாதி வழியில விழுந்து கிடந்தா யாரு தூக்கிட்டு வர்றது?"

"மருந்துப் பெட்டி ரெடியாயிடுச்சுங்க."

"பெட்டிக்கு லீவு கிடையாது, சரி. உனக்குமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாலே உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார் என்பார்கள்; அவளுக்கு அந்த வசதியும் இல்லை. ஆனால் போகாமல் இருக்க முடியாது. அடிவாரத்து ஊரில் தட்டம்மை பரவி, ஒரு டஜன் பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். மூன்றாவது கிராமத்தின் கடைசி வீட்டில், ஆட்டுக்காரரின் மகள், ஒரு வயதுக் குழந்தை, இன்னும் தட்டம்மை ஊசி போடாமல் இருந்தாள். போன இரண்டு மாதமும் அவள் அம்மா, "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வரும் வாரம் மழை பிடித்துக்கொண்டால் அந்தப் பாதை சரிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஈ காக்கை மேலே போகாது. இன்று விட்டால் விட்டதுதான்.

பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நீல நிறப் பெட்டி. உள்ளே நான்கு பக்கச் சுவரையும் ஒட்டி நான்கு ஐஸ் பேக். தண்ணீர் நிரப்பி உறைய வைத்த தட்டையான பிளாஸ்டிக் கட்டிகள். நடுவில் மருந்து பாட்டில்கள். மூடியை வீணாகத் திறக்கக் கூடாது, ஐஸை வெளியே எடுக்கக் கூடாது. பாட்டிலின் மேல் ஒரு சின்னக் கறுப்பு வட்டம் அச்சடித்திருக்கும், அதற்குள் வெள்ளைச் சதுரம். சூடு ஏற ஏறச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்தைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

முதல் கிராமத்தில் பதினோரு பிள்ளைகள். வழக்கமாக ஒளிகிறவர்கள் அன்று அவள் முகத்தை வேடிக்கை பார்க்கத் தாமாகவே வந்து வரிசையில் நின்றார்கள். "யாருக்கா அடிச்சது? சொல்லுங்க, போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்றார் பள்ளிக்கூடத்து வாத்தியார். இரண்டாவது கிராமத்தில் ஏழு பிள்ளைகள். கடைசி ஊசிக்கு முன்னால் கண் இருட்டியது. நிறுத்தி, தண்ணீர் குடித்து, பார்வை தெளிந்த பிறகுதான் போட்டாள்.

அங்கிருந்து கடைசிக் கிராமம் இரண்டு மணி நேர ஏற்றம். பாதி தூரத்தில் மேலே ஏற முடியவில்லை. ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தாள். கன்னத்துக்குள் யாரோ ஆணி அடிப்பது போல விண்விண்ணென்று தெறித்தது. மடியில் பெட்டி. பெட்டிக்குள் ஐஸ். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்ததே தப்பாகப் போயிற்று.

நூறு எண்ணும் வரைதான் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டு, ஒரு பேக்கை உருவிக் கன்னத்தில் வைத்தாள். அப்பாடா! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பது வரை எண்ணியது நினைவிருக்கிறது.

விழித்தபோது நிழல் நகர்ந்து, முகத்தில் வெயில் அடித்தது. மடியில் கிடந்த பேக் வெதுவெதுப்பான தண்ணீராக இருந்தது. பெட்டி மூடியைச் சரியாக அழுத்தக்கூட இல்லை. பத்தொன்பது வருடத்தில் எத்தனை புதுப் பெண்களை இதற்காகத் திட்டியிருக்கிறாள்! பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். சதுரம் லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. வட்டத்தின் கறுப்புக்கு இன்னும் வெகுதூரம். கொடுக்கலாம். மற்ற மூன்று பேக்கையும் குலுக்கினாள். உள்ளே ஐஸ் துண்டு தட்டும் சத்தம் கேட்டது. மூடியை அழுத்திப் பூட்டிவிட்டு அரை ஓட்டமாக ஏறினாள். காய்ச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை.

கடைசி வீடு ஒரே அறை. ஆட்டுக்காரரின் மனைவி தரையில் கம்பளி மயிரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை கட்டில் காலைப் பிடித்து நின்று, வந்தவளின் வீங்கிய கன்னத்தை அதிசயமாகப் பார்த்தது.

"அடுத்த தடவை பார்க்கலாம்க்கா" என்றாள் அம்மாக்காரி, தலை நிமிராமலே.

"ஏம்மா? மூணாவது மாசம் இது."

"பெரியவனுக்குப் போட்டப்ப, உங்களுக்குப் பதிலா வந்த ஆளு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒரு வாரம் கழிச்சு ரெண்டு நாள் கொதிச்சுது பிள்ளைக்கு. வீட்டுக்காரர் ஆட்டோட மேல போயிட்டாரு. நான் ஒத்தையில கிடந்து செத்துப் பிழைச்சேன். உங்க ஆளுங்க பேச்சை நம்ப முடியாதுக்கா." நிமிர்ந்தவள் திடுக்கிட்டாள். "ஐயோ, முகம் என்ன இப்படி?"

ஊசியக்கா பெட்டியைக் கீழே இறக்கி வைத்தாள். சும்மா வீக்கம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். மனசு கேட்கவில்லை. பல்வலி, பாறை நிழல், நாற்பது வரை எண்ணியது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். பாட்டிலை எடுத்து வட்டத்தையும் சதுரத்தையும் காட்டினாள்.

அம்மாக்காரி அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது கறுத்திருந்தா?"

"தூக்கிப் போட்டுட்டு, உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இறங்கிப் போயிருப்பேன்."

"பாப்பாவுக்கும் காய்ச்சல் வருமா?"

"வரலாம். வந்தா, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு வரும். ரெண்டு நாள் படுத்தும். மருந்து கொடுத்துட்டுப் போறேன். ஆனா கீழ ஊர்ல பரவுற தட்டம்மை வந்தா அது இதைவிட ரொம்ப மோசம்மா."

அம்மாக்காரி பிரித்த கம்பளியை ஒதுக்கி வைத்தாள். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து, சட்டைக் கையைச் சுருட்டினாள். ஊசியக்கா மருந்தைக் கலந்து ஊசி போட்டாள். குழந்தை வீடே அதிரும்படி அழுதது. கேட்கக் கேட்க ஊசியக்காவுக்கு நிம்மதியாக இருந்தது.

அழுகை ஓய்ந்ததும் அம்மாக்காரி பெட்டியைத் திறந்து ஒரு பேக்கை எடுத்தாள். "இனிமே இது யாருக்கு?" என்று துணியில் சுற்றி, ஊசியக்காவின் கன்னத்தில் வைத்துத் தானே பிடித்துக்கொண்டாள்.

"பல்லை எப்ப காட்டப் போறீங்க?"

"அடுத்த வாரம்."

"அக்கா, ரெண்டு மாசமா உங்ககிட்ட இதையே சொன்னவ நான். எனக்கே கதை விடுறீங்களா?"

ஊசியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "ஊசி குத்துவாங்களாம்மா" என்றாள், குழந்தை போல.

"குத்துவாங்க. வலிக்கும். ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள், பிடித்த கையை எடுக்காமல். "நாளைக்கே போங்க."