பறி கவ்வாத வாய்

நான் நர்ஸாக இருக்கும் மருத்துவமனையில், இன்று ஒரு சிறுமி வெண்டைக்காய் நாக்கில் பட்டதும் குமட்டினாள். “அடம் இல்லம்மா, இவ நாக்குக்கு வழவழப்பு தாங்காது” என்றார் டாக்டர், அவள் அம்மாவிடம். அவ்வளவுதான், அந்த அம்மா தட்டை நகர்த்திவிட்டாள்.

பழவேற்காட்டு ஏரியில் எங்கள் பெண்கள் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறியை, அந்த ஓலைக்கூடையை, வாயில் கவ்விக்கொள்வார்கள். அந்த ஈர ஓலை பல்லில் பட்டாலே எனக்கு உடம்பு கூசும். இறால் குழம்பும் அப்படித்தான். வழுக்கும் சதை தொண்டையில் இறங்காது.

“இன்னாடி, கலெக்டர் வூட்டுப் பொண்ணா நீ? ஏரி குடுக்கறதத் துப்புறே!” என்று சின்ன வயதில் அம்மா ஒருநாள் என் மூக்கைப் பிடித்து இறாலைத் திணித்தாள். அவள் மடியிலேயே வாந்தி எடுத்தேன்.

நைனா சிரித்தார். “பறி கவ்வாத வாயி எதுக்கு ஒதவும்? இஸ்கூலுக்குத் தொரத்து.”

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். வாங்கிய மார்க்கெல்லாம் என் உழைப்பு. பள்ளிக்கூடம் மட்டும் அவர்கள் எனக்குத் தந்த தண்டனை. இன்று ஊரெல்லாம், “நாந்தான் படிக்க வெச்சேன்” என்கிறாள் அம்மா.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

“அதெல்லாம் பணக்காரப் புள்ளைங்களுக்கு வர்றதுடி” என்றாள். “ஞாயித்துக்கெழம வா. ஒனக்குன்னு எறா எடுத்து வெச்சிருக்கேன்.”