தேசிமரத்துக் கூன்வண்டு

எங்கள் வளவில், எலுமிச்சை காய்க்கும் தேசிமரத்தில் ஒரு கூன்வண்டு இருந்தது. சாம்பல் நிறம், குட்டித் தும்பிக்கை போல நீண்ட மூக்கு. மற்ற வண்டுகளைப் போல அதன் காலில் நூல் கட்டிப் பறக்கவிட முடியாது. முதுகு ஓடு இரண்டாகத் திறக்காமல் ஒட்டியே கிடந்தது. புரட்டிப் பார்த்த என் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, இதற்குப் பறக்கவே வராது என்று தீர்ப்புச் சொன்னார். பிறந்த மரமே போதும் என்றிருந்த அந்தப் பிராணியை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

அதனிடம் ஒரு கெட்டித்தனமும் இருந்தது. விரல் பட்டால் போதும், கால்களை மடக்கி, மல்லாந்து செத்துக் கிடக்கும். முதல் தடவை நான் அழுதே விட்டேன்.

“சாகல்ல புள்ள, சும்மா நடிக்கிது. தொடாம உட்டா தானா எழும்பி நடக்கும்,” என்றார் காக்கா. அப்படியே நடந்தது.

அந்த வருடம்தான் காக்காவுக்குப் பாலமுனையில் கலியாணம் பேசினார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டில் போய் வாழவேண்டும். இந்த வீடு உனக்குத்தான் என்று உம்மா பெருமையாகச் சொன்னார். காக்கா இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவரை நிறுத்துவதென்று முடிவெடுத்தேன். எடுத்த முடிவை மாற்றும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மாப்பிள்ளை புறப்படும் நேரம், வெளியே வாடகைக் கார் வந்து நின்றது. படுத்திருப்பவரை யாரும் கடந்து போகமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். வாசற்படிக்குக் குறுக்கே மல்லாந்து, கைகால்களை மடக்கி, கண்ணை மூடிச் செத்துப்போனேன்.

“விசரா புள்ள உனக்கு? புதுச்சட்டையெல்லாம் மண்ணு, எழும்பு!” உம்மா கையைப் பிடித்து இழுத்தார். செத்தவள் அசைவாளா?

அத்தர் வாசம் என் தலைமாட்டில் வந்து நின்றது.

“தொடாதீங்க உம்மா. கொஞ்சம் உட்டா தானா எழும்பி நடக்கும்.” காக்காவின் குரல் தடிமன் பிடித்து மூக்கடைத்தவர் குரல் போல இருந்தது.

கார்க்காரர் ஹோர்ன் அடித்தார். வாப்பா கூப்பிட்டார். இமையிடுக்கால் பார்த்தேன். புதுச் செருப்புகள் இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன. வென்றுவிட்டேன் என்று மூச்சையும் அடக்கிக்கொண்டேன்.

பிறகு அவர் திரும்பி, சமைக்கும் பக்கத்துக் குசினிக் கதவால் சுற்றிப் போய்க் காரில் ஏறினார். குசினிக் கதவை நான் மறந்தே போயிருந்தேன்.

கார்ச் சத்தம் ஓய்ந்த பிறகு தானாகவே எழும்பினேன். அவ்வளவு நேரம் தலைமாட்டில் நின்றது என்னைக் கேலி பண்ணத்தான் என்று எனக்குப் பொல்லாத கோபம். பாலமுனையிலிருந்து முதல் தடவை வந்தபோது அவரோடு நான் கதைக்கவே இல்லை. அன்று அந்த வாசலில் அசைய முடியாமல் போனது நான் மட்டுமில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.