பசறையில் மாட்டிக்கொண்ட பதினொரு புத்தகங்கள்

“தொட்டுப் பாக்க முடியாத பொஸ்தகத்த எவளாச்சும் காசு குடுத்து வாங்குவாளா?” என்று சின்னம்மா கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். மடுல்சீமையில் புத்தகக் கடை கிடையாது. என் போனிலோ பதினொரு மின்னூல்கள் இருந்தன.

அந்தப் போன் தண்ணீர் பிடிக்கும் பீலியில் விழுந்து செத்தது. புதுப் போனில் புத்தகக் கணக்கைத் திறக்கப் போனால், பதிந்த எண்ணுக்கு வரும் குறியீட்டைக் கேட்டது. அது என் எண்ணே அல்ல. பள்ளிக்கூடத்தில் மின்னஞ்சல் கேட்ட காலத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் பிள்ளைகள் எல்லோரும் பசறையில் போன், இணைய வேலைகள் செய்து தரும் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணன் எல்லோருக்கும் தன் எண்ணையே போட்டுத் திறந்து, கடவுச்சொல்லைத் துண்டுத் தாளில் எழுதித் தந்தார். அதை வைத்தே புத்தகக் கணக்கும் திறந்திருந்தேன்.

இணையக் கடையின் உதவிப் பிரிவுக்கு ரசீதுகளை அனுப்பினேன். “எண் யாரிடம் இருக்கிறதோ அவரையே உரிமையாளராகக் கருதுவோம். மேலும், நீங்கள் வாங்கியது வாசிக்கும் அனுமதி மட்டுமே” என்று பதில் வந்தது. மூன்று பேர் மாறி மாறி அதையே சொன்னார்கள். கடைசியில், உதவி பிடித்திருந்ததா, நட்சத்திரம் போடுங்கள் என்றார்கள். ஒன்று போட்டேன்.

சனிக்கிழமை பதுளையில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். அதற்கு நான் எழுதிய குறிப்புகள் எல்லாம் அந்த மின்னூல்களில் ஒன்றுக்குள். வியாழக்கிழமை பசறைக்குப் பஸ் ஏறினேன்.

கொமினிகேஷன் கடை இப்போது ரொட்டிக் கடை. அண்ணன் மட்டும் அதே அண்ணன்.

“அந்த சிம்மா தங்கச்சி? அது மாமியார்கிட்ட இருக்கு. உங்க லயமே அந்த நம்பர்லதான் கெடக்கு, போங்க!”

மாமியார் கடைக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் குறியீடு கேட்டு அழுத்தியதும் அவருடைய பட்டன் போன் சிணுங்கியது. அந்தக் குறியீடு பத்து நிமிடம்தான் செல்லும். அவர் போனை மடியில் மறைத்துக்கொண்டார்.

“யாரு கேட்டாலும் நம்பர சொல்லக் கூடாதுன்னு பேங்குல சொல்லியிருக்காங்க.”

“இது பேங்கு இல்லம்மா. என் பொஸ்தகம்.”

“அப்ப காட்டு பாப்போம்.”

“நீங்க நம்பர சொன்னாத்தாம்மா காட்ட முடியும்!”

“நல்லா இருக்கே கத! சரி, உன் பொஸ்தகம்னா அதுல என்னா இருக்குன்னு சொல்லு.”

எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. மலையில் ஏன் மூடுபனி இறங்குகிறது என்பதுதான் என் பாடம். ஈரக் காற்று மலையில் ஏறுவதையும், குளிர்ந்து துளியாவதையும், வெயில் ஏறியதும் அது காணாமல் போவதையும் கையை வீசி வீசிச் சொன்னேன். மாமியாரின் கத்தி நின்றுவிட்டது.

“அப்ப கொழுந்து எடுக்கையில எங்க மேல எறங்கினது மேகமா?”

“மேகமேதாம்மா!”

“அடி ஆத்தி! இத்தன வருஷமா மேகத்துக்குள்ளயா நின்னேன்?” என்றவர் போனை நீட்டினார். “படிச்சுக்க புள்ள. எனக்குக் கண்ணு தெரியல.”

ஆறு இலக்கங்கள். பதினொன்றும் வரிசையாக வந்து நின்றன, என் மஞ்சள் கோடுகளோடு. அங்கேயே கத்திவிட்டேன். அண்ணன் ரொட்டிக் கரண்டியோடு ஓடி வந்தார். அந்த இடத்திலேயே என் பெயரில் உள்ள எண்ணைப் பதிந்தேன். பஸ் வரும்வரை குறிப்புகளைக் கொப்பியில் எழுதினேன். அனுமதியை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், கொப்பி என்னுடையது.

சனிக்கிழமை பாடம் நடத்தினேன். முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரின் மின்னஞ்சலில் அவரவர் எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.